ஆசனத்துக்கு முன் அடக்கம்

யோகம் என்றதும் தலைகீழாய் நிற்பதையே நம்மவர் பலர் நினைக்கின்றனர். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திற் கூறும் எட்டு உறுப்புக்களுள் ஆசனம் மூன்றாவதேயாம். அதற்கு முன் நிற்பன இயமமும் நியமமும். தீயன விலக்கலும் நல்லன ஒழுகலும் அவை.

இரத்த அமுக்கம் 140/90 என்னும் அளவை எட்டியோர்க்கு இவ்வரிசை பெரிதும் பொருந்தும். உப்பிலுஞ் சினத்திலும் அடக்கமின்றி உடலை மட்டும் வளைப்பதாற் பயன் யாது? அன்னோர் சிரசாசனத்தையும், மூச்சை நெடிது நிறுத்துங் கும்பகத்தையும் தவிர்த்தல் வேண்டும். நிமிர்ந்தமர்ந்து நிமிடத்துக்கு ஆறு மூச்சாக மெல்ல வாங்கி விடுதலே அவர்க்கு ஏற்றது. அதனால் அமுக்கம் சிறிது இறங்கும்; மனக்கொதிப்புந் தணியும்.

ஆயினும், யோகம் மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. சின்னாட் பயின்றதுங் குளிசையைக் கைவிடுவோர் பாரிசவாதத்தை வலிந்தழைப்போராவர். குளிசையைக் குறைத்தல் வைத்தியர்க்கே உரிய வேலை.

2015 முதல் ஆண்டுதோறும் யூன் 21 இல் சர்வதேச யோகா தினங் கொண்டாடப்படுகின்றது. ஒரு நாட் காட்சி போதாது. நம் கல்லூரியிற் காலைப் பிரார்த்தனையின் பின் ஐந்து நிமிடம் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கமர்ந்து மூச்சைச் சீர்செய்வாராக. இளமையிற் பழகிய அடக்கம் முதுமையிற் காக்கும் என்பது எம் துணிபு.