பொஸ்ரனுக்கு ஆக்களை வளர்க்கத் தெரியும், வைச்சிருக்கத்தான் தெரியாது

லிவர்பூல் சேர்ட் போட்டுத் திரியிற பெடியளுக்கு ஜோன் ஹென்றியைத் தெரிந்திருக்கும். ட்ரான்ஸ்ஃபர் காலம் வரும்போதெல்லாம் 'கஞ்சப் பிசினாரி' என்று நீங்கள் திட்டுகிற அதே எஃப்எஸ்ஜி முதலாளி. அந்த 'எஃப்' ஃபென்வே. 1912இல் திறந்த, பொஸ்ரன் நகரத்து மைதானத்தின் பெயர். 2010இல் லிவர்பூலை வாங்குவதற்கு எட்டு வருசம் முதலே இவர்கள் வாங்கியது பொஸ்ரன் ரெட் சொக்ஸ் என்ற பேஸ்போல் அணியை. ஆகவே உங்களுடைய எரிச்சலைவிட எங்களுடைய எரிச்சல் வயதில் மூத்தது. இரவு மட்ச் தொடங்குவது எங்கட நேரம் விடிய 4.40க்கு. அலாரம் வைச்சு எழும்பிப் பார்க்கிறவன் கொஞ்சம் கத்தத்தான் செய்வான், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பேஸ்போல் விதிகள் தெரியாதவர்கள் பயப்படத் தேவையில்லை. ஒரு விசயம் விளங்கினால் போதும். மேஜர் லீக்கில் கால் வைத்த வீரர் ஆறு வருசத்துக்குத் தன் அணியோடு கட்டுப்பட்டவர். முதல் மூன்று வருசம் அடிமட்டச் சம்பளத்துக்குக் கிட்ட. பிறகு நடுவர் முறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆறு முடிந்தபின்தான் சந்தைக்குப் போய் முழுவிலை கேட்கலாம். ஆக, மலிவான வருசங்களை அனுபவிச்சுப்போட்டு, விலை ஏறுகிற நேரம் ஆளை வேறு தலையில் கட்டிவிடுகிற ஆசை எல்லா முதலாளிக்கும் வரும். வருமானம் குறைந்த சின்ன நகரத்து அணிகள் அதைச் செய்தால் பாவம் என்று விடலாம். ரெட் சொக்ஸ் சின்ன அணி இல்லை. அமெரிக்காவிலேயே காசு கொழிக்கிற அணிகளில் ஒன்று.

மூக்கி பெற்ஸ் கதையிலிருந்து தொடங்குவம். 2011 தெரிவில் ஐந்தாம் சுற்றில், அதாவது பெரிதாக ஒருத்தரும் கவனிக்காத இடத்தில், பொஸ்ரன் கண்டெடுத்த பெடியன். 2018இல் அடித்த சராசரி .346. 32 ஹோம் ரன், 30 திருட்டு பேஸ், லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருது. அந்த வருசம் அணி 108 மட்ச் வென்று, வேர்ல்ட் சீரிசையும் தூக்கியது. இப்படியொரு ஆளை 2020 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸுக்குக் குடுத்துவிட்டார்கள்.

ஏன்? 'ஆடம்பர வரி'. சம்பளப் பட்டியல் ஒரு கோட்டைத் தாண்டினால் லீக்குக்குத் தண்டம் கட்ட வேண்டும். அந்த வருசக் கோடு 208 மில்லியன் டொலர். தொடர்ந்து தாண்டினால் வீதம் ஏறும், ஒரு வருசம் கீழே இறங்கினால் திரும்ப அடியிலிருந்து தொடங்கும். கவனியுங்கோ, தாண்டக்கூடாது என்று சட்டம் இல்லை. காசைக் கட்டினால் சரி. கட்ட மனமில்லை, அவ்வளவுதான்.

நிர்வாகத்தின் வாதத்தையும் சொல்ல வேண்டும். பெற்ஸுக்கு இன்னும் ஒரு வருசம்தான் இருந்தது, அவர் எப்படியும் சந்தைக்குப் போகப்போறார், சும்மா விடுவதைவிட ஏதாவது வாங்குவது நல்லது என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் கிடக்கு. ஆனால் அதே பெற்ஸ் யூலை மாதம், டொட்ஜர்ஸுக்கு ஒரு லீக் மட்ச்கூட ஆட முதல், 12 வருசம் 365 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். சரியான விலை சொன்னால் நிற்கிற மனுசன்தான்! இன்னொரு கூத்து, டேவிட் பிரைஸின் பாரமான ஒப்பந்தத்தையும் அவரோடு சேர்த்து அனுப்பினது. நல்ல மாட்டோடு நோஞ்சான் மாட்டையும் ஒரே கயிற்றில் கட்டி விற்றால், வாங்குகிறவன் நல்ல மாட்டுக்கும் விலையைக் குறைக்கத்தானே செய்வான்.

வந்தது மூன்று பேர். ஜீற்றர் டவுன்ஸ் 2022இல் சொற்ப மட்ச் ஆடிவிட்டுக் காணாமல் போனார். அலெக்ஸ் வேர்டூகோவை 2023 டிசம்பரில் ஆருக்குக் குடுத்தவை தெரியுமோ? யாங்கீஸுக்கு. கொனர் வொங் என்ற கச்சர் மட்டும் மிச்சம். டொட்ஜர்ஸ் 2020, 2024, 2025 என்று மூன்று கிண்ணம் தூக்கியது. பொஸ்ரன் 2020, 2022, 2023இல் பிரிவில் கடைசி. இடையில் 2021 மட்டும் ஒரு நல்ல வருசம். பெற்ஸை அனுப்பிய ஹைம் புளூமை 2023 செப்ரெம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். காசை இறுக்கச் சொன்னவர்கள் கதிரையில் அப்படியே இருக்கினம்.

2022 முடிவில் சாண்டர் பொகார்ட்ஸும் சான் டியாகோவுக்குப் போய்விட்டார். சனத்துக்கு ஏறிவிட்டது. 2023 ஜனவரியில் ஃபென்வேயில் நடந்த ஐஸ் ஹொக்கி விழாவில் ஹென்றியைப் பார்த்து 'ஊ' என்று கூச்சல் போட்டார்கள். அந்தக் கிழமைக்குள்ளேயே ரஃபாயல் டெவர்ஸுக்கு 10 வருசம், 313.5 மில்லியன் என்று சேதி வந்தது. கூவினதாலதான் குடுத்தவை என்று நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனால் நேரம் பொருந்துது.

அந்த டெவர்ஸும் இப்ப இல்லை. 2025 தொடக்கத்தில் அலெக்ஸ் பிரெக்மனை வாங்கி, மூன்றாம் பேஸிலிருந்து டெவர்ஸைத் தூக்கி, நீ துடுப்பு மட்டும் பிடி என்றார்கள். முறுகினார், பிறகு ஒத்துக்கொண்டார். மே மாதம் முதலாம் பேஸ் ஆடிய ட்ரிஸ்டன் கசாஸின் முழங்கால் போக, இப்ப நீ அங்கே நில் என்றார்கள். மாட்டன் என்றார். டெவர்ஸிலும் பிழை இருக்கு. அவ்வளவு காசு வாங்குகிறவர் அணிக்காக ஒரு கையுறையை மாற்றியிருக்கலாம். ஆனால் 26 பேர் பட்டியல் போடுகிறவர்கள் முதலாம் பேஸுக்கு உருப்படியான மாற்று ஆள் இல்லாமல் சீசனைத் தொடங்கினது ஆற்ற பிழை? ஒரே ஆளை நாலு மாதத்துக்குள் இரண்டு தரம் இடம் மாறச் சொன்னால் ஆருக்குத்தான் கடுப்பு வராது?

யூன் 15, யாங்கீஸை மூன்றுக்கு மூன்றும் வென்ற நாள். டெவர்ஸ் ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். அண்டைக்கே அவரை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸுக்கு அனுப்பியாச்சு. பதிலுக்கு வந்த ஜோர்டன் ஹிக்ஸ் பந்தெறிந்த விதத்தைப் பற்றிப் பேசாமல் விடுவம். ஜேம்ஸ் ரிப்ஸ் என்ற இளம் பெடியனை ஏழு கிழமைக்குள் டொட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் டெவர்ஸுக்குக் கட்ட வேண்டியிருந்த 250 மில்லியனுக்கு மேற்பட்ட மிச்சக்காசு முழுவதையும் ஜயன்ற்ஸ் தலையில் போட்டுக்கொண்டது. வாங்கின சாமானே அதுதான். வயிறெரியிற விசயம் என்னவென்றால், சான் ஃபிரான்சிஸ்கோவில் டெவர்ஸ் முதலாம் பேஸில் நிண்டு ஆடினார்.

அவர் போனபிறகும் அணி 89 வெற்றியோடு பிளேஓஃப் போனதே என்று வாதாடுகிறார்கள். போனதுதான், மறுக்கேல்லை. ஆனால் அங்கே யாங்கீஸோடு மூன்று மட்சில் மொத்தம் 6 ஓட்டம். கடைசி மட்சில் பூச்சியம். 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணினது கம் ஷ்லிட்லர், பொஸ்ரனுக்குப் பக்கத்து ஊர்ப் பெடியன். பெரிய அடியாளன் ஒருத்தன் தேவைப்பட்ட இடம் அது.

2025 ஓகஸ்டில் ரோமன் அந்தோணியோடு 8 வருசம், 130 மில்லியன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வயது 21, அபார ஆட்டக்காரன். விலை ஏற முதலே பிடித்துப்போட்டது கெட்டித்தனம், பெற்ஸுக்கும் இதைத்தான் செய்திருக்க வேணும். 2033 வரை அவர் பொஸ்ரனில்தான் என்று எல்லாரும் சந்தோசப்படுகினம். டெவர்ஸின் ஒப்பந்தமும் 2033 வரைதான் இருந்தது. அந்தோணியின் பெயர் அடித்த சேர்ட்டை நான் கொஞ்சம் பொறுத்துத்தான் வாங்குவன்.