முதியோரின் கண் மருந்து: வீட்டாரின் பொறுப்பு

நம் வீட்டுப் பெரியவர்கள் கண் மங்குவதாகச் சொன்னால், "வயதானால் அப்படித்தான்" என்பதே பல நேரம் நம் மறுமொழியாக இருக்கிறது. சற்று அக்கறையுள்ளவர்கள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அத்துடன் கடமை முடிந்தது என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். அம்மருந்து நாள்தோறும் கண்ணில் விழுகிறதா என்று பார்ப்பவர் குறைவு. கண் நீர் அழுத்த நோயில் பலருடைய பார்வை பறிபோவது இந்த இடத்தில்தான்.

கிளாக்கோமா எனப்படும் இந்நோய் வரும் வாய்ப்பு, நாற்பது வயதைக் கடந்தபின் ஏறிக்கொண்டே போகிறது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் மிகும்போது, கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு மெல்ல மெல்ல நலிகிறது. அந்நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உள்ளன; அழிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலோருக்கு வலி இருக்காது. பக்கப் பார்வை முதலில் குறைவதால் நோயாளிக்கே தெரியாது. கண்புரையை அறுவை செய்து நீக்கினால் பார்வை திரும்பும். இந்நோயில் இழந்தது இழந்ததுதான். எஞ்சியிருப்பதைக் காப்பது மட்டுமே சொட்டு மருந்தின் வேலை.

மருந்து இடையில் நின்றுபோவதற்குக் காரணமும் இதுவே. விட்டாலும் பார்வை கூடுவதில்லை. நிறுத்தினாலும் மறுநாளே குறைவதில்லை. கண் எரிவதும் சிவப்பதும் காசு கரைவதும் மட்டுமே கண்கூடாகத் தெரிகின்றன. ஆகவே "பயனில்லாத மருந்து" என்று பெரியவர் முடிவு கட்டிவிடுகிறார். அவரைக் கடிந்துகொள்வது நியாயமன்று. நடுங்கும் கையால் குப்பியைப் பிடித்து அழுத்துவது எளிதா? சொட்டு கன்னத்தில் வழிந்தோடினாலும், விட்டுவிட்டதாகவே அவர் எண்ணுவார்.

ரமளான் வந்தால் மற்றொரு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சி மாதம் முழுவதும் மருந்தைத் தொடாத பெரியவர்கள் உண்டு. அவர்களின் பேணுதல் மதிக்கத்தக்கது. ஆயினும் அந்த அச்சத்திற்கு இடமில்லை. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும், சுர்மா இடுவதைப் போலவே கண்ணில் மருந்து விடுவதும் நோன்பை முறிக்காது. மருந்தின் சுவை தொண்டையை எட்டினால் முறியும் என்பது மாலிக்கீ, ஹன்பலீ மத்ஹபு அறிஞர்களின் கருத்து. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது.

மனம் அமைதி பெறாதவர்களுக்கு மருத்துவர்கள் கூறும் ஒரு முறையே துணையாகும். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்முனையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும். மூக்கிற்கும் தொண்டைக்கும் செல்லும் கண்ணீர்ப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணிலேயே தங்கும். தொண்டைக்கு இறங்குவதும் வெகுவாகக் குறையும். அதன் பிறகும் தயங்குவோர், மருந்து வேளைகளை ஸஹர் நேரத்திற்கும் இஃப்தாருக்குப் பின்னும் மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

"அல்லாஹ் நாடியபடி நடக்கட்டும்" என்று சொல்லி மருந்தை ஒதுக்குவதும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு தோழர்களுக்கு அறிவுறுத்தியதும், மருந்தில்லாதது முதுமை ஒன்றே என்று குறிப்பிட்டதும் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளன. முதுமைக்கு மருந்தில்லை என்பது உண்மை. ஆனால் கண் நீர் அழுத்தம் முதுமையன்று. முதுமையில் வரும் ஒரு நோய். அதற்கு மருந்து இருக்கிறது. பார்வையை இழந்தவர் பொறுமை காத்தால் கிடைக்கும் நற்கூலி பெரிது. அந்த நற்செய்தி, காக்கக்கூடிய பார்வையைக் கைவிட நமக்கு அனுமதி தருவதில்லை. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத் அல்லவா?

எனவே சகோதர சகோதரிகளே, மருந்து விடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். தொழுகை நேரத்தை மறக்காத பெரியவர்களுக்கு மருந்து வேளையைத் தொழுகையோடு இணைப்பதே எளிய வழி. இரு வேளை மருந்தென்றால் ஃபஜ்ருக்கும் மஃக்ரிபுக்கும் பின். இரவு ஒரு வேளை என்றால் இஷாவுக்குப் பின். ஒளூவுக்கு முன் விட்டால் முகம் கழுவும்போது மருந்தும் போய்விடும். இரண்டு வகை மருந்துகள் இருந்தால் இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். பெரும்பாலான குப்பிகளைத் திறந்து நான்கு வாரங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. எரிச்சல் தாங்கவில்லை என்றாலோ செலவு கட்டுப்படியாகவில்லை என்றாலோ மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறு மருந்துகளும் லேசர் சிகிச்சையும் உள்ளன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு, "இன்று மருந்து விட்டீர்களா வாப்பா?" என்றும் தொலைபேசியில் கேட்கட்டும். தாய் தந்தையருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அவர்களும் நாற்பது வயதுக்குள் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நம் பெற்றோர் இறுதிவரை முஸ்ஹஃபைப் பார்த்து ஓதவும், பேரப்பிள்ளைகளின் முகம் கண்டு மகிழவும், பிறர் கைப்பிடிக்காமல் பள்ளிவாசலுக்கு நடந்து செல்லவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! அதற்கு நாம் செய்யவேண்டிய பங்கைச் செய்யும் மனத்தையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.