மூணு வருஷத்தில் லாபம் காட்டாத குரோமியம்

காமர்ஸ் படிக்கிற பசங்க யாரிடமாவது "எலெக்ட்ரானிக்ஸ் சாமான் ஏன் வருஷா வருஷம் மலிவாகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் சொல்லும் பதில்: போட்டி. பத்துக் கம்பெனி மோதிக்கொண்டால் விலை தானாக இறங்கும், சரக்கு தானாக நன்றாகும். இதுவரைக்கும் சரி. இதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்த வசனமும் உடனே வரும்: சர்க்கார் ஆராய்ச்சிக்குக் கொட்டுகிற பணமெல்லாம் தண்டம், மூணு வருஷத்தில் பலன் காட்டாத புராஜெக்டை இழுத்து மூடணும், சந்தை பார்த்துக்கொள்ளும்.

இதற்கு அவர்கள் ஆசை ஆசையாக எடுத்து விடுகிற உதாரணம் ஹார்ட் டிஸ்க். 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ரமாக் எந்திரத்தின் டிஸ்க் பெட்டியில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. எடை சுமார் ஒரு டன். அவ்வளவும் சேர்ந்து கொள்ளும் தகவல் 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைய கணக்கில் ஒரு பாட்டு. 2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாடில் 1.8 அங்குல டிஸ்க்குக்குள் 5 ஜிபி, ஆயிரம் பாட்டு, சட்டைப் பையில். "பாத்தியா மாமு, இதை எந்த சர்க்கார் செஞ்சது?"

அருமையான உதாரணம். என்ன, அது கூண்டில் ஏறினால் அவர்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும்.

டிஸ்க் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் பார்த்தால்தான் இது விளங்கும். தட்டின் மேல் ஒரு காந்தப் படலம் இருக்கிறது. அதில் குட்டிக் குட்டிப் பகுதிகள், ஒவ்வொன்றும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காந்தமாக்கப்பட்டிருக்கும். அதுதான் பூஜ்யமும் ஒன்றும். மேலே மயிரிழை கூட இல்லாத உயரத்தில் ஒரு ஹெட் பறந்துகொண்டே படிக்கிறது. அதிகம் எழுத வேண்டுமென்றால் பகுதியைச் சின்னதாக்க வேண்டும். சின்னதாக்கினால் அதன் காந்தப்புலம் மங்கும். மங்கினால் ஹெட்டுக்குக் காது கேட்காது. ஆக, டிஸ்க் எவ்வளவு கொள்ளும் என்பதில் பெரும்பங்கு ஹெட்டின் காதைப் பொறுத்தது. எத்தனை கம்பெனி போட்டி போட்டாலும் செவிட்டு ஹெட் செவிட்டு ஹெட்தான்.

ஆரம்பத்தில் ஹெட் என்பது ஒரு கம்பிச்சுருள். 1990-களின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக, காந்தப்புலம் பட்டால் மின்தடை லேசாக மாறுகிற உலோகப் படலம் வந்தது. அந்த விளைவைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? வில்லியம் தாம்சன், பிற்காலத்து லார்டு கெல்வின். வருஷம் 1857! இங்கே ராணியின் ஆட்சி கூட இன்னும் வரவில்லை, கம்பெனி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அவர் பார்த்த சமாச்சாரம் ஹார்ட் டிஸ்க்குக்குள் போக 130 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மூணு வருஷக் கணக்குக்காரர்கள் குறித்துக்கொள்ளவும் :-)

அதுவும் சில சதவீத மாற்றம்தான் தரும். கதை திரும்பியது 1988-ல்.

பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர்சே என்ற ஊரில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட் ஃபெர்ட். ஜெர்மனியில் யூலிஷ் என்ற ஊரில் பீட்டர் குருன்பெர்க். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இருவர் கையிலும் ஒரே சரக்கு: இரும்புப் படலம், நடுவில் குரோமியம், மறுபடி இரும்பு. சான்ட்விச் மாதிரி. ஃபெர்ட் குழுவின் சிறந்த மாதிரியில் குரோமியத்தின் தடிமன் 0.9 நானோமீட்டர். அடுக்கி எண்ணினால் சுமார் 6 அணு. அவ்வளவு மெல்லிய குரோமியம் ஒரு விசித்திர வேலை செய்கிறது: இரண்டு பக்க இரும்பையும் எதிரெதிர் திசையில் காந்தமாக நிற்க வைக்கிறது. இதை குருன்பெர்க் 1986-லேயே பார்த்துவிட்டார்.

எலெக்ட்ரானுக்கு ஸ்பின் என்று ஒன்று உண்டு. அது இரும்பின் காந்தத் திசைக்கு ஒத்துப்போனால் சுலபமாக நுழையும், முரண்டு பிடித்தால் முட்டி மோதும். இரண்டு இரும்பும் எதிரெதிராக இருந்தால் எந்த எலெக்ட்ரானும் தப்பாது, ஏதாவது ஒரு அடுக்கில் அடி வாங்கியே தீரும். தடை கூடுதல். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்து இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் பாதி எலெக்ட்ரான்களுக்கு ராஜபாட்டை. தடை சடாரென்று விழும். ஃபெர்ட் குழு பார்த்தது கிட்டத்தட்ட பாதியாகிற சரிவு. இதற்குப் பெயர் ஜி.எம்.ஆர்., ராட்சதக் காந்தத்தடை.

இப்போது நம் மூணு வருஷக் கமிட்டியை 1988-ல் உட்கார வைப்போம். கேள்வி ஒன்று: எந்த வெப்பநிலையில்? 4.2 கெல்வின், அதாவது திரவ ஹீலியத்தில் முக்கினால்தான் அந்தப் பாதிச் சரிவு. கேள்வி இரண்டு: எவ்வளவு காந்தப்புலம் வேண்டும்? சுமார் 2 டெஸ்லா. டிஸ்க் தட்டில் இருக்கிற ஒரு பொட்டுக் காந்தம் அதைத் தருமா? கனவிலும் தராது. கேள்வி மூன்று: இந்தப் படலத்தை எப்படிச் செய்தீர்கள்? அணு அணுவாக வளர்க்கும் மாலிக்யூலர் பீம் எபிடாக்ஸி எந்திரத்தில், அதிவெற்றிடத்தில், பொறுமையாக. விலை கேட்டால் மயக்கம் வரும். யூலிஷில் சாதாரண அறை வெப்பத்தில் கிடைத்த மாற்றமோ வெறும் 1.5 சதவீதம். கூடவே கமிட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நான்காவது கேள்வி கேட்பார்: ஐயா, உங்கள் நிலையத்தின் பெயரே அணுசக்தி ஆராய்ச்சி நிலையம், இங்கே இரும்பு சான்ட்விச்சுக்கு என்ன வேலை?

நான்கு கேள்வியும் நியாயமான கேள்விகள். நான்குக்கும் பதில் இல்லை. கோப்பை மூடியிருப்பார்கள்.

மூடவில்லை, ஏனென்றால் அங்கே அப்படி ஒரு கமிட்டி வாசலில் நிற்கவில்லை. யூலிஷ் நிலையம் பொதுப்பணத்தில் நடந்தது. ஃபெர்ட் பல்கலைக்கழகக்காரர். அவருக்குப் படலம் வளர்த்துக் கொடுத்தது தாம்சன் சி.எஸ்.எஃப். கம்பெனியின் ஆய்வகம். "பாத்தியா, கம்பெனி!" என்று குதிக்க வேண்டாம். 1982-லேயே அதை பிரெஞ்சு அரசு தேசியமயமாக்கிவிட்டது.

சரி, இனி எதிர்க்கட்சிக்கும் அதன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். திரவ ஹீலியத்தில் கிடந்த இந்த வஸ்துவை மேசைக்குக் கொண்டுவந்தது ஒரு தனியார் கம்பெனி. ஐ.பி.எம்.மின் அல்மடன் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பார்கின் என்ற ஆங்கிலேயர் "அந்த விலையுயர்ந்த எந்திரம் எதற்கு?" என்று கேட்டார். ஆர்கான் அயனிகளால் உலோகத்தை அடித்து அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவைக்கும் ஸ்பட்டரிங் முறையை எடுத்தார். தொழிற்சாலைக்கு அது பழகிய முறை, வேகமானது, மலிவானது. படலம் கொஞ்சம் கரடுமுரடாக வரும், ஜி.எம்.ஆர். தெரியாது என்று பலர் நினைத்திருந்தார்கள். தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அசுர உழைப்பு. உலோகத்தை மாற்றி, தடிமனை மாற்றி, ஆயிரக்கணக்கில் அடுக்குகள். நடுப்படலத்தின் தடிமன் ஏற ஏற, இரண்டு காந்த அடுக்குகளும் எதிரெதிர், ஒரே பக்கம், மறுபடி எதிரெதிர் என்று ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஆடுவதை 1990-ல் வெளியிட்டார். கோபால்ட்டும் செம்பும் அடுக்கினால் அறை வெப்பத்திலேயே 60 சதவீதத்துக்கு மேல் மாற்றம் என்றார். 1991-ல் அதே ஐ.பி.எம்.மில் பெர்னார் டியெனி, பார்கின் உள்ளிட்ட குழு ஸ்பின் வால்வைக் காட்டியது. ஒரு காந்த அடுக்கைப் பக்கத்துப் படலத்தால் பூட்டிவிட்டு இன்னொன்றைச் சுதந்திரமாக விட்டால் சிறிய புலத்துக்கே அது திரும்பிவிடும். 2 டெஸ்லா பிரச்சினை ஒழிந்தது. 1997-ல் ஐ.பி.எம். 16.8 ஜிபி டெஸ்க்ஸ்டார் டிஸ்க்கை ஜி.எம்.ஆர். ஹெட்டுடன் சந்தைக்கு விட்டது. ஆய்வகத்திலிருந்து கடைக்கு 9 வருஷம். இயற்பியலில் இது மின்னல் வேகம். மூணு வருஷ விதிப்படி மூன்று முறை செத்திருக்கும்.

இங்கே இயற்பியல்காரர்களுக்கும் ஒரு கொட்டு வைத்தாக வேண்டும். 2007 நோபல் ஃபெர்ட்டுக்கும் குருன்பெர்க்குக்கும் மட்டும். மூன்று பேர் வரை கொடுக்கலாம் என்று விதி இருந்தும் மூன்றாவது நாற்காலி காலி. 1994-ல் அமெரிக்க இயற்பியல் கழகப் பரிசும் 1997-ல் ஐரோப்பிய இயற்பியல் பரிசும் மூவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டவை. ஸ்டாக்ஹோமுக்கு மட்டும் பார்கின் "பயன்படுத்தியவர்" ஆகிவிட்டார் போல. அந்த ஊஞ்சலாட்டம் எந்த ஊரில் பயன்பாடு? அது சுத்தமான கண்டுபிடிப்பு. ஆனால் கம்பெனி வளாகத்துக்குள் செய்த பாவத்துக்கு அது பொறியியல் என்று எழுதப்பட்டது. சந்தைப் பக்தர்களும் நோபல் கமிட்டியும் எதிரெதிர்த் துருவம் மாதிரி தெரிந்தாலும் இருவர் போடும் கோடு ஒன்றுதான்: அங்கே அறிவு, இங்கே சரக்கு. பார்கினுக்கு 2014-ல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது என்பது வேறு விஷயம்.

சரி, "ஐ.பி.எம்.மே செய்திருக்கிறதே, அப்போ சந்தை போதுமே" என்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். 2002-ல் ஐ.பி.எம். தன் ஹார்ட் டிஸ்க் தொழிலையே ஹிட்டாச்சிக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. விலை 205 கோடி டாலர். ஜி.எம்.ஆர். டிஸ்க்கை முதலில் விற்ற கம்பெனி ஐந்தே வருஷத்தில் கடையைக் காலி பண்ணியது. ஏன்? ஒருவன் ஹெட்டைச் சிறிதாக்கினால் அடுத்த வருஷம் எல்லோரும் சிறிதாக்கினார்கள். ஜிபி விலை பாதாளத்துக்குப் போனது. லாபம் யாருக்கு? டிஸ்க் வாங்கிய கோடிக்கணக்கான பேருக்கு. பாட்டு கேட்டவனுக்கு, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் சேமித்தவனுக்கு. எகனாமிக்ஸ் பேப்பரில் நுகர்வோர் உபரி என்று படம் போட்டு மார்க் வாங்குகிறோமே, அது. அந்த முக்கோணத்தின் பரப்பளவு எந்தக் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டிலும் வராது. அது வராததால்தான் பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய எந்தக் கம்பெனியும் 1988-ன் ஹீலியத் தொட்டிக்குப் பணம் போடத் தயங்கும். இதைக் கம்பெனிகளின் குற்றம் என்று சொல்ல முடியாது, அவர்களுடைய கணக்குக்கு அது சரிதான்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மூணு வருஷ வாதத்துக்கு விதை எங்கே விழுகிறது என்று பார்த்தால் ஏ.எஸ். 26 பாடத்தில்தானோ என்று சந்தேகம். ஆராய்ச்சிக் கட்டத்துச் செலவைச் சொத்தாகக் காட்டக்கூடாது, ஆன வருஷமே செலவாக எழுதிவிட வேண்டும் என்கிறது அந்தத் தரநிலை. நல்ல விதி. இல்லாவிட்டால் ஊரில் உள்ள புரமோட்டர் எல்லாம் "ரிசர்ச்" என்று ஒரு வரி போட்டு சொத்தை ஊதிக் காட்டுவார்கள். ஆனால் அந்த விதி சொல்வது "எதிர்காலப் பலனை இப்போது நிரூபிக்க முடியாது" என்பது மட்டுமே. பலனே கிடையாது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. எச்சரிக்கைக்காக எழுதின விதியை மதிப்பீடு என்று மனப்பாடம் செய்தால் வருகிற வியாதி இது.

இதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது, அதுதான் கனமான கேள்வி. ஜெயித்த ஒன்றைச் சொல்கிறாய், தோற்ற ஆயிரம்? ஹீலியத்தில் முக்கியெடுத்த மற்ற சான்ட்விச்செல்லாம் எங்கே? உண்மை. பெரும்பாலானவை யாரும் புரட்டாத ஆய்வேடுகளாகத்தான் கிடக்கின்றன. அதற்காக "கேட்காதே, கொடு" என்கிற விஞ்ஞானிகள் சொல்வதும் ஏற்கத்தக்கதல்ல. பொதுப்பணம் என்றால் கேள்வி உண்டு. படலம் வளர்த்தாயா, அளந்தாயா, தோற்றதையும் சேர்த்து எழுதினாயா, விற்கத்தக்கது வந்தபோது காப்புரிமை எடுத்தாயா என்று கேட்கலாம். குருன்பெர்க் எடுத்தார். கட்டுரை அச்சாவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட்டது. பிறகு ஐ.பி.எம். உட்பட கம்பெனிகள் யூலிஷிடம் உரிமம் வாங்கின, மக்கள் பணத்தில் ஒரு பங்கு மக்கள் நிலையத்துக்கே திரும்பியது. கேட்கக்கூடாத கேள்வி ஒன்றே ஒன்று: மூணு வருஷத்தில் என்ன சரக்கு விற்பாய்?

அந்தக் கேள்விக்கு எதிரான சாட்சி இன்னொருவர் இருக்கிறார். மிஷெல் ஜூலியேர், பிரான்ஸின் ரென் நகரம், 1975. இரண்டு காந்த உலோகங்களுக்கு நடுவே உலோகத்துக்குப் பதில் மின்சாரம் கடத்தாத மெல்லிய தடுப்பு வைத்து, எலெக்ட்ரான்கள் சுரங்கம் போட்டுப் போவதைப் பார்த்தார். ஹீலிய வெப்பத்தில் 14 சதவீத மாற்றம். சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. சுமார் 20 வருஷம் அந்தப் பக்கம் பெரிய நடமாட்டமே இல்லை. 1995-ல் ஜப்பானில் மியாசாகி குழுவும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெகதீஷ் மூடேரா குழுவும் அதை அறை வெப்பத்தில் செய்து காட்டின. மூடேரா முனைவர் பட்டம் வாங்கியது நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில். 2004-ல் தடுப்புக்கு மக்னீசியம் ஆக்சைடு வைத்தால் மாற்றம் பல மடங்கு எகிறும் என்று ஜப்பானின் யுவாசாவும் அதே பார்கினும் காட்டினார்கள். அதற்கு அடுத்த சில வருஷங்களில் ஹார்ட் டிஸ்க் ஹெட் ஜி.எம்.ஆரைக் கைவிட்டு இதற்கு மாறியது. இன்று டேட்டா சென்டர்களில் சுற்றுகிற டிஸ்க்குகளைப் படிப்பது 1975-ல் ரென் நகரத்தில் பார்த்த அந்த விளைவுதான். கரண்ட் போனாலும் மறக்காத எம்ராம் மெமரி சிப்பிலும் அதேதான் இருக்கிறது.

1978-ல், சரியாக மூணு வருஷம் கழித்து, ஜூலியேரின் ஹீலியத் தொட்டி முன்னால் ஒரு கமிட்டி நின்றிருந்தால் அவர்கள் எழுதியிருக்கக்கூடிய குறிப்பை ஊகிப்பது கஷ்டமில்லை. அதை எழுதத் துடிக்கிறவர்கள்தான் மூணு வருஷத்தில் பலன் காட்டு என்கிறார்கள், அதுவும் அந்த டிஸ்க்கில் பாட்டு கேட்டுக்கொண்டே.