கப்பல் பயணிகளின் முன்பணத்துக்குக் காப்பு வேண்டும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அதன் பிறகு தி.நகர், மயிலாப்பூர், அடையாறு டிராவல்ஸ் அலுவலகங்களில் காசி, கேரளா பேக்கேஜ்களோடு கப்பல் பேக்கேஜும் சேர்ந்துகொண்டது. பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தையொட்டிக் கேபின் பதிவு செய்யும் பிள்ளைகளும், ஓய்வுபெற்ற கையோடு கடலைப் பார்க்கக் கிளம்பும் தம்பதிகளும் மாதக்கணக்கில் முன்னதாகவே பணம் கட்டுகிறார்கள். கப்பல் புறப்படும்வரை அவர்கள் கையில் இருப்பது ஒரு ரசீது. அது போதாது.

கார்டீலியாவை நடத்தும் வாட்டர்வேஸ் லெஷர் டூரிசம் நிறுவனம், 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட ஒரே கப்பலைக் கொண்டு தொழிலைத் தொடங்கியது. 2025-இல் நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் என்ற இரு கப்பல்களைக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டில் ரூ.727 கோடிக்குப் பங்கு வெளியிட செபியிடம் விண்ணப்பித்தது. அந்தத் தொகையில் பெரும்பகுதி குத்தகை முன்வைப்புக்கும் வாடகைக்கும்தான். இதில் தவறில்லை, தொழில் வளர்வதை வரவேற்கிறோம். ஆனால், குத்தகைக் கப்பல் இன்னொருவர் சொத்து. எந்த நிறுவனமானாலும், நொடித்துவிட்டால் பயணி யாரிடம் போய் நிற்பார்?

இது வீண் பயம் அல்ல. 2019-இல் மும்பையில் ஆரவாரத்துடன் தொடங்கிய ஜலேஷ் குரூஸஸ், கொரோனாவில் சிக்கி மறு ஆண்டே மூடப்பட்டது. அதன் 'கர்ணிகா' கப்பல் ஏலம் போய், உடைப்பதற்காக ஆலங் கடற்கரையில் ஏற்றப்பட்டது. அப்படி விற்கப்படும் கப்பலின் பணத்தில் யாருக்கு முதல் உரிமை என்பதை 2017-ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. மாலுமிகளின் சம்பளம் முதலில். துறைமுகக் கட்டணம், கப்பல்மீது கடன் கொடுத்தவர்கள் எல்லாம் அடுத்தடுத்து. டிக்கெட் பணம் கேட்கும் பயணி கடைசி வரிசையில்.

அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றும் சொகுசுக் கப்பல் நிறுவனங்கள், பயணம் நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதற்கான நிதி உத்தரவாதத்தை முன்கூட்டியே காட்டியாக வேண்டும். நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. வீடு வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும்படி 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பேரும் பழமையும் மட்டும் பணத்தைக் காக்காது என்பதை, 150 ஆண்டுகள் கடந்த மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் போட்ட பணத்துக்காக 2024-இல் காவல்துறைக்கு அலைந்த முதியவர்கள் அறிவார்கள்.

பணத்தை முடக்கினால் இளம் தொழில் தளர்ந்துவிடும் என்பார்கள். முடங்குவது இன்னும் நடக்காத பயணத்துக்கான பணம் மட்டுமே. கப்பல் கரை திரும்பிய அன்றே அதை விடுவித்துவிடலாம். அடுத்தவர் பணத்தைச் சுழற்றினால்தான் ஒரு தொழில் நிற்கும் என்றால், அந்தத் தொழிலின் அஸ்திவாரமே சரியில்லை.

ஆகவே, முன்பணத்துக்குத் தனிக் கணக்கு அல்லது வங்கி உத்தரவாதம் இல்லாத நிறுவனத்துக்குச் சென்னைத் துறைமுகம் இடம் ஒதுக்கக் கூடாது. கப்பல் சொந்தமா, குத்தகையா, உரிமையாளர் யார் என்பது டிக்கெட்டிலேயே அச்சாக வேண்டும். இதை நாடு முழுமைக்கும் விதியாக்குவது மத்தியக் கப்பல் துறையின் பொறுப்பு. கொடியசைத்து வழியனுப்பிய தமிழக அரசு அதைக் கேட்டுப் பெற வேண்டும்.