பத்தாயிரம் வாட்டாம், ஆறு ஆம்பியர் பிளக்காம்!

போனஸ் பணம் கைக்கு வந்ததும் ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்புகிற தம்பிகளுக்கும், அப்பா அம்மாவுக்கு ஏதாவது நல்ல பொருளாக வாங்கிக் கொடுக்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது. பொறுமை இல்லாதவர்கள் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரை மட்டும் படித்துவிட்டு வாங்குங்கள். பாதிக் காசு தப்பிக்கும்.

கடைத்தெருவில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். 5.1 என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே 8000 வாட்ஸ், 10000 வாட்ஸ், பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. பாட்டுக்குத் தகுந்தபடி மினுக்குகிற நீல விளக்கு. விலை ஐயாயிரம், ஆறாயிரம். இதை வியாபாரத் தந்திரம் என்று சிலர் பெருந்தன்மையாகச் சொல்கிறார்கள். நான் மோசடி என்கிறேன். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருப்பது அதிகபட்சம் 6 ஆம்பியர் பிளக். பெருக்குங்கள், 1380 வாட். அந்த பிளக் வழியாக அதற்கு மேல் எடுக்கக் கூடாது. 10000 வாட் வேண்டுமென்றால் 43 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். பத்து இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் போடுவதற்குச் சமம். படத்தில் முதல் சண்டை வருவதற்குள் வீடு இருட்டாகிவிடும். உண்மையிலேயே அது 10000 வாட் எடுத்தால் மணிக்கு 10 யூனிட் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு 25 யூனிட். அரசாங்கம் இரண்டு மாசத்துக்குக் கொடுக்கிற இலவச 100 யூனிட்டும் நாலு படத்தில் காலி!

இப்போது பெட்டியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். கரூரில் ஒரு கடையில் நான் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் 10000. பின்பக்கம் மின்செலவு 60 வாட். உள்ளே 60 போகிறது, வெளியே 10000 வருகிறதாம். ஆற்றல் அழிவின்மை விதி என்று ஒன்று உண்டு, பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெட்டியைச் செய்தவருக்கு நோபல் பரிசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் போட வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது. கடைக்காரரிடம் கேட்டேன். “அது வேற வாட்டு சார்” என்றார். வாட்டில் சைவம் அசைவம் என்று இரண்டு ஜாதி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எந்தத் தரக்கட்டுப்பாடும் இல்லை. ஒரு கண்சிமிட்டும் நேரத்துக்கு, எல்லா ஸ்பீக்கரையும் சேர்த்து, எவ்வளவு வரக்கூடும் என்று அவரவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிற எண் அது. மாசம் இருபதாயிரம் சம்பளக்காரர், சீட்டுப் பணம் எடுத்த நாளை மட்டும் கணக்கில் வைத்து, “மாப்பிள்ளைக்கு ஒரு நாள் வருமானம் ஒரு லட்சம்” என்று பெண் கேட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். கணக்கு, அதாவது தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு. (ஆர்.எம்.எஸ். என்பது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும்தான் பொருந்தும், ஆற்றலுக்கு அப்படிச் சொல்வது கறாராகப் பார்த்தால் தவறு. பரீட்சையில் எழுதினால் அரை மார்க் குறைப்பேன். கடையில் கேட்பதற்குப் பரவாயில்லை.)

“பெட்டியில் பி.ஐ.எஸ். குறி போட்டிருக்கிறதே சார்” என்று ஒரு பழைய மாணவன் கேட்டான். அந்தக் குறி ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்கிற பாதுகாப்புக்கானது. முன்பக்கம் எழுதிய வாட்டுக்கு அது சாட்சி சொல்லாது. அமெரிக்காவில் 1974லேயே ஆம்ப்ளிஃபயர் விற்கிறவன் தொடர்ச்சியான ஆற்றலை இன்ன முறையில் அளந்துதான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டார்கள். ஐம்பது வருஷமாகிவிட்டது. நமக்கு இன்னும் நீல விளக்கு.

சரி, வாட் அதிகமாக இருந்தால்தான் என்ன கிடைத்துவிடும்? சுமாரான ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85, 86 டெசிபல் சத்தம் வரும். ஒருவர் எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது 60, 65 டெசிபல். அதாவது நீங்கள் சீரியலோ செய்தியோ பார்க்கும்போது உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட் கூடச் செலவழிப்பதில்லை. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையான 25 வாட் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

அடுத்த புளுகு அந்த 5.1. 1992ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ டால்பி டிஜிட்டலில் வந்தது, மறுவருஷம் ‘ஜுராசிக் பார்க்’ டி.டி.எஸ்.ஸில் வந்தது. அந்த முறைகளில் ஒலி தனித்தனி ஓடைகளாகப் பிரிந்து வருகிறது. முன்னால் இடது, நடு, வலது. பக்கவாட்டில் இரண்டு. அந்தப் புள்ளி ஒன்று, அடித்தொண்டை அதிர்வுக்கான சப்ஊஃபர். ஆக ஆறு. இந்த ஆறும் பிரிந்து உங்கள் பெட்டிக்குள் போனால்தான் அது 5.1. மலிவுப் பெட்டியில் எப்படிப் போகிறது? புளூடூத்தில் வருவது இரண்டே ஓடை. ஆக்ஸ் ஒயரிலும் இரண்டுதான். கடைக்காரர் பென் டிரைவில் போட்டுக் காட்டுகிற பாட்டும் இரண்டுதான். அந்த இரண்டையே ஐந்து டப்பாவிலும் நகல் எடுத்து அனுப்புகிறது பெட்டி. பின்னாலிருந்து சத்தம் வருகிறதே என்று நாம் பூரித்துப் போகிறோம். கதாநாயகி எதிரே நின்று அழுகிறாள், அழுகை நம் பிடரியில் கேட்கிறது. இதுவா சரவுண்ட்?

பெட்டியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அல்லது ஆப்டிகல் என்று ஒரு துளை இருக்கிறதா, டால்பி டிஜிட்டலைப் பிரிக்கிற வசதி உள்ளே உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் வாங்குவது 5.1 இல்லை, ஐந்து டப்பா.

இத்தனையும் காசு விஷயம். எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில்.

என் மாமியாருக்கு 84 வயது. டிவி பார்க்கும்போது “என்ன சொன்னான், என்ன சொன்னான்” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வீட்டில் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். “பாட்டிக்குக் காது அவுட்டு” என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். டாக்டரிடம் காட்டினோம், வயதுக்குத் தகுந்த குறைவுதான் என்றார். சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கிறது, அவரைப் பற்றி அடுப்படியில் முணுமுணுப்பது உட்பட. டிவி முன்னால் மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறு யாரிடம்?

தமிழ் வாத்தியார்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். பேச்சில் சத்தத்தைத் தருவது உயிரெழுத்து, இன்ன சொல் என்று பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்து. ச், ட், த், க் இவற்றின் கூர்மை எல்லாம் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. வயதானால் காது முதலில் இழப்பதும் அதே மேல் அதிர்வெண்களைத்தான். மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. இதைச் சரிசெய்ய என்று நாம் வாங்கி வைக்கிற பெட்டி என்ன செய்கிறது? டம் டம் என்று அடியை ஏற்றி, மிச்சமிருந்த மெய்யெழுத்தையும் மூடிவிடுகிறது. சத்தம் கூடுகிறது, சொல் போய்விடுகிறது. பெரியவர்கள் “எனக்குத்தான் கேட்கவில்லை போலிருக்கிறது” என்று எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் இல்லை, எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எனவே வாங்குகிற வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஆறாயிரம் ரூபாயை ஆம்ப்ளிஃபயர், ரிமோட், விளக்கு, அட்டைப்பெட்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் போக ஆறு ஸ்பீக்கருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு என்ன மிஞ்சும்? அதே காசில் இரண்டே ஸ்பீக்கர், நல்லதாக. டிவிக்கு இரண்டு பக்கமும் வைத்து நடுவில் உட்கார்ந்தால் வசனம் திரையின் நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும், மூளை செய்து கொடுக்கிற வேலை அது. அடுத்த வருஷம் காசு சேர்ந்தால் நடு ஸ்பீக்கர், ஏனென்றால் 5.1 படத்தில் வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. அப்புறம் சப்ஊஃபர். பக்கவாட்டு இரண்டும் கடைசி. நம் ஆட்கள் நேர் எதிராக, பின்னால் சத்தம் வருகிறதா என்று கேட்டுத்தான் பணத்தையே எடுக்கிறார்கள்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க ஏ.வி. ரிசீவர் வேண்டும். புதிது விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ரிச்சி தெருவிலோ தெரிந்தவர்களிடமோ பழைய 5.1 ரிசீவர் கிடைத்தால் தயங்க வேண்டாம். அதில் 4கே இல்லையே என்பார்கள். படத்தை டிவி பார்த்துக்கொள்ளும், ஒலி மட்டும் ஆப்டிகல் ஒயரில் வந்தால் போதும். டால்பி டிஜிட்டல் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். இன்னொன்று, நம் ஊர் அசெம்பிள் செட் மெக்கானிக்குகள். 5200, 1943 ஜோடி போட்ட போர்டு ஒன்றைத் தட்டில் பொருத்திவிட்டு, “ஐம்பது வாட் சுத்தமா வரும் சார், அதுக்கு மேல கேக்காதீங்க” என்று சொல்கிற மனிதரை எனக்குத் தெரியும். பளபளப்பு அட்டைப்பெட்டிக்காரர்களை விட அவர் நூறு பங்கு யோக்கியர். ஃபியூஸும் எர்த்தும் ஒழுங்காகப் போட்டாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கிற விதமும் கொடுமைதான். ஐந்தையும் கூரை மூலையில் கோயில் கொடை ஸ்பீக்கர் மாதிரி கட்டி விடுகிறார்கள். முன்னால் உள்ளவை காது உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டு இரண்டும் முதுகுக்குப் பின்சுவரில் வேண்டாம், இரு தோளுக்கும் பக்கத்தில் சற்றே பின்தள்ளி, 110 டிகிரி அளவில். நடு ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்கு நடுவே செருகாதீர்கள்.

அப்புறம் அறை. டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், கான்கிரீட் கூரை. கைதட்டிப் பாருங்கள், ரீங்காரம் கேட்கும். அந்த அறையில் லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் வாய் குழறும். 1895ல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடம் இப்படித்தான் இருந்தது. பேசிய சொல் ஐந்தரை விநாடி அலைந்துகொண்டே இருக்குமாம். சரிசெய்யச் சொன்னது வாலஸ் சபைன் என்கிற இளம் இயற்பியல் ஆசிரியரை. அவர் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி அளந்து, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். கட்டட ஒலியியல் என்கிற துறையே அந்த மெத்தையில் பிறந்தது. உங்களுக்கும் அதே வைத்தியம்தான். கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், பின்சுவர் ஓரம் புத்தக அலமாரி. இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், அவர் மெத்தை விற்பதில்லையே.

“ஏழைப்பட்டவனுக்கு அதுதான் சார் முடியும், விடுங்களேன்” என்று நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். மூன்று லட்சம் கொடுக்கிறவரை ஏசி அறையில் உட்கார வைத்து, படம் போட்டுக் காட்டி, ஒவ்வொரு சேனலுக்கும் எத்தனை வாட், எத்தனை சதவீதத் திரிபு என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பொய் எண் ஒட்டுவது ஆறாயிரம் ரூபாய்ப் பெட்டியில் மட்டும். மில் வேலைக்குப் போய் மிச்சம் பிடித்த ஆறாயிரம் அது. மூன்று லட்சக்காரருக்குச் சொல்கிற உண்மையை இவருக்கும் சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு இடமில்லை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். வாங்குமுன் பில்லில் ஆர்.எம்.எஸ். வாட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில், அடுத்த கடைக்குப் போங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பத்தாயிரத்தில் எத்தனை பூஜ்யம் உண்மை என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஓய்வில் இருக்கிறேன், நேரம் நிறைய இருக்கிறது.