சுரங்கக் குழிக்கு சோலார் சரி, உங்கள் மூன்று ஏக்கருக்கு?

கேள்வி: ஐயா, எங்கள் ஊரை ஒட்டியிருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கே சோலார் பண்ணை வரப்போகிறதாம். பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சை இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறோம். அதையும் சேர்த்து 28 வருஷக் குத்தகைக்கு ஒரு தரகர் கேட்கிறார். ஊர் ஆடு மாடுகள் குழித் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், அரியலூர் மாவட்டம்.

பதில்: இதில் இரண்டு நிலம் இருக்கிறது. தரகர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார். நீங்கள் பிரித்துப் பாருங்கள்.

சுரங்கம் முடிந்த இடத்தில் சோலார் போடுவது நல்ல யோசனைதான். மேல்மண் போய், பாறையும் கொட்டிய மண்ணுமாகக் கிடக்கும் நிலத்தில் பயிர் ஏற்றப் பல வருஷம் பிடிக்கும். சோலார் பலகைக்கு மண்வளம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் கிட்ஸ்டன் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. இப்போது அங்கே 50 மெகாவாட் சோலார் பண்ணை இருக்கிறது. சீனாவின் ஹுவைநான் பகுதியில் அடியில் நிலக்கரி தோண்டத் தோண்ட, மேலே இருந்த நிலம் இறங்கித் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. 2017-ல் அதன்மேல் 40 மெகாவாட் மிதக்கும் பலகைகள் போட்டார்கள். மின்சாரம் வந்தது. முங்கிய வயல் முங்கியதுதான்.

கொட்டிய மண்மேடு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். ஊன்றிய கால்கள் சாயலாம். அது கம்பெனியின் கவலை. உங்கள் கவலை மழைத் தண்ணீர். பலகைமேல் விழும் மழை முழுவதும் கீழ் விளிம்பில் ஒரே கோடாக வழியும். அடியில் புல் இல்லாவிட்டால் மண்ணை அரித்துக்கொண்டு பள்ளத்துக்கு வரும். உங்கள் புஞ்சை தாழ்வாக இருந்தால் கரிசல்மேல் சுண்ணாம்புச் சரளை படியும். அதைச் சுரண்டி எடுக்கும் கூலிக்கு ஒரு வெள்ளாமைப் பணம் போய்விடும். பலகைக்கு அடியில் புல், எல்லையில் வடிகால் வாய்க்கால் இரண்டையும் கிராம சபையில் இப்போதே கேளுங்கள். சுரங்க மூடல் திட்டத்தின் நகலையும் கேளுங்கள். எடுத்து வைத்த மேல்மண்ணை நிலத்தைச் சீர்ப்படுத்தப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அது எங்கே போனது என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு.

வேலி போட்டபின் தண்ணீருக்கு வழி கேட்டால் கிடைக்காது. கால்நடைக்கான பாதையை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். பலகைக்கு அடியில் செம்மறி மேய விடலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். வெள்ளாட்டுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். அது மேலே ஏறும், வயரைக் கடிக்கும்!

இனி உங்கள் மூன்று ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். உங்கள் நிலத்தால் அவர்களுக்குக் கிடைக்கும் மின்சாரம் ஒரு மெகாவாட்டைக்கூடத் தொடாது. பாதைக்கோ மின்கம்பத்துக்கோ கேட்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அதற்குத்தான் என்றால் ஓரத்தில் சில சென்ட் போதும்.

நானாக இருந்தால் விளையும் கரிசலைக் கொடுக்க மாட்டேன். இன்று பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு நிலம் திரும்பும்போது வயது 43 ஆகியிருக்கும். வீட்டுச் சூழ்நிலையால் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் ஒப்படைக்காதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். வருஷா வருஷம் குத்தகை ஏற வேண்டும். நான் பார்த்த ஒரு பத்திரத்தில் கடைசி வரை ஒரே தொகைதான். விலைவாசி வருஷம் 5 சதவிகிதம் ஏறினாலே, 14 வருஷத்தில் அந்தப் பணத்துக்குப் பாதி மதிப்புதான் நிற்கும். முடிவில் கான்கிரீட்டைத் தோண்டி எடுப்பது யார், நடுவில் கம்பெனி கைமாறினால் குத்தகை கொடுப்பது யார் என்பதும் எழுத்தில் வேண்டும்.

முன்பணம் வாங்குவதற்கு முன் பத்திர நகலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குழித் தண்ணீரிலும் ஒரு லிட்டர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் உப்பு அளவும் கார அமில நிலையும் பார்த்து வையுங்கள். பின்னால் தண்ணீர் மாறினால் காட்ட அந்தச் சீட்டு உதவும்.