பேட்டரி கணக்கை ஃபேனில் இருந்து ஆரம்பிங்க

ஒவ்வொரு வருஷமும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டில் "சோலார்-விண்ட் ஹைபிரிட் சிஸ்டம்" ஒன்று கண்டிப்பாக இருக்கும். மொட்டை மாடியில் ஒரு பேனல், பி.வி.சி. பைப்பை வெட்டிச் செய்த இறக்கை, கீழே ஒரு 12 வோல்ட் பேட்டரி. ரிவ்யூவில் "ஏன் 150 ஏ.எச்.?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "கடையில எல்லாரும் அதுதான் சார் வாங்குறாங்க."

பேட்டரி சைஸ் கடைசியாக வர வேண்டிய நம்பர் என்பதுதான் என் கருத்து. முதலில் இரண்டு கேள்வி கேட்கணும். கரண்ட் போனால் வீட்டில் எது ஓடியே ஆக வேண்டும்? எத்தனை மணி நேரம் ஓடணும்?

நம்ம ஊருக்கு இது வெறும் தியரி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பக்கம் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் கரண்ட் இல்லை.

அந்த மாதிரி நேரத்தில் மாடியில் 3 கிலோவாட் சோலார் இருந்தாலும் வீடு இருட்டாகவே இருக்கலாம். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், ஈ.பி. லைன் போன உடனே தானாக நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வாங்கி 3 கிலோவாட் மாட்டினால் பில் குறையும், ஆனால் பேக்கப் கிடைக்காது. அதற்கு பேட்டரி தனியாக வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1800 வாட்-ஹவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் நம் கையில் இருப்பது 900. இன்வெர்ட்டரில் 15 சதவீதம் போனால் மிச்சம் 765.

இப்போ ஒரு சாதாரண வீடு. 9 வாட் எல்.இ.டி. பல்ப் மூன்று, 6 மணி நேரம்: 162. போன் சார்ஜ் மூன்று: 45. வைஃபை 10 வாட், 10 மணி நேரம்: 100. ஃபேன் இரண்டு, 8 மணி நேரம். பழைய 75 வாட் ஃபேன் என்றால் அதுவே 1200, மொத்தம் 1507. ஒரு பேட்டரி பத்தாது. 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 448, மொத்தம் 755. அதே பேட்டரியில் அடங்கிவிடும். இரண்டு ஃபேனை மாற்றினால் இரண்டாவது பேட்டரி தேவையே இல்லை. கடைக்காரர் இதை முதலில் சொல்ல மாட்டார். நாமதான் சொல்லணும்.

லேபிளையும் கவனிங்க. இன்வெர்ட்டர் பேட்டரியில் சி20 என்று போட்டிருந்தால், 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150 ஏ.எச். கிடைக்கும். வேகமாக எடுத்தால் குறையும். சோலார் பேட்டரியில் பெரும்பாலும் சி10 இருக்கும். இரண்டு நம்பரையும் அப்படியே ஒப்பிடாதீங்க. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம் என்பதால், 100 ஏ.எச். லித்தியமே 150 ஏ.எச். லெட்-ஆசிட்டை விட அதிகம் கொடுக்கும்.

அடுத்து காற்று. "வெயில் இல்லாட்டி காத்து இருக்கு, அதனால பேட்டரி சின்னதா போதும்" என்பது ஹைபிரிட் ப்ராஜெக்ட்டுகளில் எல்லாரும் எழுதும் வரி. ஆடியில் சரி. செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் கயத்தாறு, பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் காற்று அடங்கிவிடும், மேகமும் மூடிவிடும். பேட்டரி அதிகம் தேவைப்படும் மாதத்தில் இரண்டும் சேர்ந்து கைவிடும். அதோடு காற்றின் வேகம் பாதியானால் பவர் எட்டில் ஒரு பங்காகிவிடும். 1 மீட்டர் விட்டமுள்ள இறக்கை, நொடிக்கு 4 மீட்டர் காற்றில் 10 வாட் கொடுத்தால் பெரிய விஷயம். பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்தால் அதுவும் இல்லை. வருஷச் சராசரியை வைத்து சைஸ் போடாதீங்க, மோசமான வாரத்தை வைத்துப் போடுங்க.

"அப்போ பெரிய பேட்டரியா வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்ததே?" என்று கேட்கலாம். தீராது. பேனல் சின்னது, மழை மாதம் என்றால் பெரிய பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகாது. லெட்-ஆசிட் அரைச் சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துவிடும். அதைவிட மழைக்காலத்துக்கு ஒரு தனி லோடு லிஸ்ட் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு ஃபேன் 6 மணி நேரம் 168, இரண்டு பல்ப் 5 மணி நேரம் 90, போனுக்கு 45. மொத்தம் 303. வெயிலே வராவிட்டாலும் அதே பேட்டரி இரண்டு இரவு தாங்கும், மூன்றாவது இரவுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

தண்ணீர் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும். கரண்ட் இருக்கும்போதே மாடித் தொட்டியை நிரப்பி வையுங்க. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் செய்வதும் இதே மாதிரிதான்: கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறது. நம்ம தொட்டியில் மின்சாரம் திரும்பி வராது, ஆனால் பேட்டரியில் இருந்து போக வேண்டிய ஒரு பெரிய லோடு மிச்சம்.

ஆற்றங்கரைப் பக்கம் வீடு என்றால் பேட்டரியைத் தரையில் வைக்காதீங்க. 2023-ல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று வீட்டில் கேட்டு, அதற்கு மேலே, காற்றோட்டமான இடத்தில் வையுங்க.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்க. சிமுலேஷனைத் திறக்காமல், உங்க வீட்டு ஃபேன், பல்ப் ஒவ்வொன்றின் வாட்டையும் ஒரு பேப்பரில் எழுதுங்க. மழை ராத்திரியில் எது வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு டிக் அடிங்க. அந்தப் பேப்பரைப் பார்த்து பேட்டரி வாங்குங்க.